தினம் இருபத்தைந்து சுற்று

ஆம்ப்ரோஸ் ஓக்டன் வந்து கதவைத் தட்டியபோது எல்லிஸ் ரிம்மர் ஆட்டிறைச்சியின் இரண்டாவது துண்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹார்பெக்கில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. வீடு பற்றி எரிந்தால்கூட, பாவம் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தெருவில் காத்து நிற்கிற ஊர் இது. ஆனால் ஓக்டன் கால்பந்துக் கிளப்பின் தலைவர், அதற்கும் மேலே மூன்று குடல்கறிக் கடைகளுக்கு முதலாளி. எந்தக் கதவும் தனக்குத் தானாகத் திறக்கும் என்ற நினைப்பு அவருக்கு.

கதவைத் திறந்தது எல்லிஸின் மனைவி ஹெட்டி. ஓக்டன் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு எதிரே நின்றார்.

"ரிம்மர், கோட்டை எடுத்துப் போட்டுக்க. கார் வெளியே நிக்குது."

"எங்க போறோம்?"

"ஸ்டேஷன் ஹோட்டலுக்கு. தெற்கே கடற்கரையில இருந்து ஒரு கிளப்காரன் வந்து உக்காந்திருக்கான். உன்னை அவனுக்கு வித்தாச்சு. நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"யாரை வித்தாச்சு?" என்றாள் ஹெட்டி.

"உன் புருஷனைத்தான்மா. நல்ல விலைக்கு."

எல்லிஸ் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஏழு வருடமாக ஹார்பெக் டவுனுக்கு வலது நடு ஆட்டக்காரன் அவன். எதிரணி முன்னாட்டக்காரன் காலிலிருந்து பந்தைப் பிடுங்குவது, பிடுங்கியதைத் தன் ஆளுக்குக் கொடுப்பது, வலது ஓரத்தில் பந்து வெளியே போனால் எடுத்து எறிவது, இதுதான் அவன் வேலை. செய்தித்தாளில் பெயர் வராது. வந்தாலும் எழுத்துப் பிழையோடு வரும். அதைப் பற்றி அவன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பேசாத ஆள், சொன்னதைக் கேட்பான் என்று ஓக்டன் கணக்குப் போட்டிருந்தார்.

"என்னைக் கேட்டீங்களா?" என்றான் எல்லிஸ்.

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப நான் பதில் சொல்றதுக்கும் ஒண்ணுமில்ல. சாப்பிட்டுக்கிட்டிருக்கேன், மிஸ்டர் ஓக்டன். போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க, காத்து வருது."

அந்தத் தெருவில் சுவர்கள் மெல்லியவை. ஓக்டனின் கார் முனை திரும்புவதற்குள் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஓக்டனுக்கு மானம் போனது பாதி வயிற்றெரிச்சல். மீதிப் பாதி, மைதானத்துக் கூரை. அந்தக் கோடையில் அவர் உட்காரும் இடத்துக்குப் புதிதாகத் தகரக் கூரை போட ஆரம்பித்திருந்தார். எந்தக் கொத்தனும் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி மறுபக்கம் போவான். இவரோ இரண்டு ஓரங்களிலிருந்தும் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். நடுவிலே தன் பெயர் பொறித்த பெரிய முகப்பு வைத்து, கடைசியில் நாலு பேர் பார்க்க அதைத் திறக்க வேண்டும் என்று ஆசை. எல்லிஸை விற்ற பணத்தில்தான் அந்த முகப்பு வருவதாக இருந்தது. எல்லிஸ் போகவில்லை, முகப்பும் வரவில்லை. கூரையின் இரண்டு பக்கமும் நன்றாக இருக்க, நட்ட நடுவில், சரியாகத் தலைவர் நாற்காலிக்கு மேலே, வானம் தெரிந்தது. எங்கள் ஊரில் வாரத்துக்கு ஆறு நாள் மழை பெய்யும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்த கூட்டம் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓக்டனைப் பார்த்துச் சிரித்தது. அதற்கு அவர் எல்லிஸைத்தான் கறுவினார், மழையை அல்ல.

பந்தாடிப் பிழைக்கிறவன் காலில் ஒரு விலங்கு உண்டு. அவன் பெயர் எந்தக் கிளப்பின் பதிவில் இருக்கிறதோ, அந்தக் கிளப் விட்டால்தான் வேறு இடத்தில் ஆட முடியும். எல்லிஸின் ஒப்பந்தம் அடுத்த மே மாதத்து முதல் சனிக்கிழமையோடு முடியும். அதற்கு மேலும் பிடித்து வைக்க வேண்டுமென்றால் கிளப் இன்னொரு வருடச் சம்பளம் தரச் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் கையை விரித்து விட்டுவிட வேண்டும். ஆனால் நடுவில் அவனே ஒப்பந்தத்தை முறித்தால் கதை வேறு. ஒருநாள் பயிற்சிக்கு வராமல் போனாலும் போதும். சம்பளத்தையும் நிறுத்தலாம், பெயரையும் பூட்டி வைக்கலாம். சாகும்வரை அவன் சம்பளத்துக்குப் பந்தைத் தொட முடியாது.

இயக்குநர்கள் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேர் செப்டம்பரிலேயே ஓக்டனிடம் சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு வருடம் உங்கள் இஷ்டம், ஆடாத ஆளுக்கு அடுத்த வருடமும் சம்பளம் தர நாங்கள் கை தூக்க மாட்டோம் என்று. ஆக, மே மாதம் வரை எல்லிஸ் தாக்குப்பிடித்தால் அவன் சுதந்திர மனிதன். அதற்குள் அவன் முறிய வேண்டும். ஓக்டன் அதற்குத்தான் வழி பார்த்தார்.

உத்தரவு எழுத்தில் வந்தது. காலை பத்து மணிக்கு வந்து வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்களோடு சேரக்கூடாது. மைதானத்தைச் சுற்றியுள்ள சாம்பல் பாதையில் இருபத்தைந்து சுற்று ஓட வேண்டும். முதல் அணியிலும் இல்லை, இரண்டாவது அணியிலும் இல்லை. வெளியே எந்த இடத்திலும் ஆடக்கூடாது, ஆடினால் ஒப்பந்தம் முறிந்தது.

உத்தரவைப் படித்துக் காட்டியவர் பயிற்சியாளர் ஜேபெஸ் கிளெக். கிளெக்குக்கு ஒரு மதம் இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஆட்டக்காரன் பந்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது. ஓடலாம், கயிறு தாண்டலாம், பந்து மட்டும் அலமாரியில் பூட்டியிருக்கும், சாவி அவர் அரைச்சட்டைப் பையில் இருக்கும். வாரம் முழுக்கப் பட்டினி போட்டால்தான் சனிக்கிழமை பந்துமேல் பாய்வான் என்பது அவர் சித்தாந்தம். இங்கிலாந்தில் பாதிக் கிளப்புகள் இந்தக் கூத்தைத்தான் நம்பிக்கொண்டிருந்தன. மற்றவர்களுக்குச் சனிக்கிழமையாவது சோறு விழுந்தது. எல்லிஸுக்குச் சனிக்கிழமையும் இல்லை.

"உங்க கணக்குப்படி பாத்தா, மே மாசம் நான் பந்தையே கடிச்சுத் தின்னுடுவேன், கிளெக்," என்றான் எல்லிஸ்.

"எங்கிட்ட வம்பு வளக்காதே. புத்தகம் அங்க இருக்கு. கையெழுத்தைப் போடு."

போட்டான். ஓடினான். முடித்துவிட்டு, "நாளைக்குப் பத்து மணிக்கு," என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

அக்டோபரில் ஊரிலிருந்த ஆறு நெசவாலைகளில் நான்கு மூடிவிட்டன. ஆண்கள் காலையில் வேலையில்லாதோர் வரிசையில் நின்று உதவிப்பணத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள். அப்புறம் மத்தியானம் வரை என்ன செய்வது? மைதானத்துக் கதவு திறந்து கிடந்தது. முதலில் நாலு பேர் வந்து, ஆட்டம் பார்க்கிறவர்கள் நிற்கும் சாம்பல் மேட்டில் நின்றார்கள். நவம்பரில் நூறு பேர் ஆனார்கள். தறி ஓட்டிய எனோக் என்பவன்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன். ஒல்லி உடம்பு, பெரிய வாய். எல்லிஸ் ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும் அவன் உரக்க எண்ணுவான், கூட்டமும் சேர்ந்து எண்ணும்.

"எட்டு," என்று நூறு தொண்டைகள் சொல்லும்.

"ஏம்ப்பா எல்லிஸ், நாங்களும் தினம் கையெழுத்துப் போடறோம், நீயும் போடறே," என்பான் எனோக். "உன்னையாவது ஓட விடறாங்க. எங்களை நிக்கத்தான் விடறாங்க."

"இறங்கி வா. பாதை அகலமாத்தான் இருக்கு."

"காலைல வெறும் டீயோட வந்திருக்கேன். ஒம்பது."

இரண்டாவது அணியின் ஆட்டத்துக்கு வரும் கூட்டத்தைவிட இந்தக் கூட்டம் பெரிதாகிவிட்டது. ஒருவன் தனியாக ஓடுவதைப் பார்க்க இவ்வளவு பேர் ஏன் வந்தார்கள் என்று கேட்டால், வந்தவர்களுக்கே பதில் சொல்லத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். முதலாளி ஒருவன் மல்லுக்கு நிற்க, இன்னும் விழாத ஒரு ஆள் ஊரில் அவன் மட்டும்தான்.

ஜனவரியில் பனி கொட்டியது. ஒருநாள் காலை ஒன்பதரைக்கு வந்த கூட்டம் மைதானக் கதவு உள்ளே பூட்டியிருப்பதைப் பார்த்தது. இதுவரை கதவு பூட்டியதே இல்லை. பத்து மணிக்கு எல்லிஸ் வந்து கதவைத் தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. உள்ளே புத்தகம், வெளியே ஆள். பத்தேகாலுக்குப் புத்தகத்தில் கையெழுத்து இல்லையென்றால் அவன் வரவில்லை என்று பொருள்.

"ஓக்டன் காலை வாருறான் பாரு," என்றான் எனோக். "சுவர் ஏறு. நாங்க தூக்கி விடறோம்."

"ஏறினா அத்துமீறி நுழைஞ்சான்னு அதுக்கு ஒரு கேஸ் போடுவான்."

எல்லிஸ் கோட்டைக் கழற்றி எனோக்கிடம் கொடுத்தான். பிறகு மைதானத்தின் வெளிச்சுவரைச் சுற்றி, முழங்கால் பனியில், ஓட ஆரம்பித்தான். தோல் பதனிடும் ஆலைச் சந்து, ரயில் கரை, கல்லறைப் பக்கம், மறுபடி கதவு. ஒன்று என்று எண்ணினார்கள். இரண்டாவது சுற்றில் நாற்பது பேர் அவன் பின்னாலேயே ஓடினார்கள். வெறும் வயிற்றோடு வந்தவர்கள்தான், ஓடினார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் டிக்கெட் கொடுக்கும் சின்னப் பொந்தின் பலகை திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வருகைப் புத்தகத்தை வெளியே நீட்டியது. கூடவே ஒரு பென்சில்.

"கிளெக், கதவைத் திறங்களேன்," என்றான் எல்லிஸ் மூச்சு வாங்க.

"சாவி எங்கிட்ட இல்ல. கதவு என் பொறுப்பு இல்ல, புத்தகம் என் பொறுப்பு. மணி பத்து பன்னெண்டு. கையெழுத்தைப் போட்டுட்டுப் பொந்தை மூடு, குளிருது."

எல்லிஸ் போட்டதும் கிளெக் புத்தகத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் யார் பக்கம் என்று எல்லிஸுக்குப் புரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஓடுவது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. பனியும் இல்லை, கேலியும் இல்லை. பந்து இல்லாததுதான் அவனைத் தின்றது. ஐந்து வயதிலிருந்து அவன் காலடியில் ஏதோ ஒன்று உருண்டுகொண்டே இருந்திருக்கிறது. இப்போது தெருவில் கிடக்கும் தகர டப்பாவை உதைத்தால்கூட ஓக்டனுக்குச் செய்தி போய்விடும், அவர் கடைக்குக் குடல் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் உளவாளிகள். மார்ச் மாதத்தில் ஒருநாள் ஹெட்டி தான் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து வந்தபோது, பின்வாசல் முற்றத்தில் தொப் தொப் என்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். எல்லிஸ் ஒரு முட்டைக்கோஸை முழங்காலிலும் பாதத்திலுமாகத் தட்டிக்கொண்டிருந்தான். முற்றமெல்லாம் இலை.

"அதை நாளைக்குச் சூப்பு வைக்கறதுக்கு வெச்சிருந்தேன்," என்றாள் ஹெட்டி.

எல்லிஸ் முட்டைக்கோஸைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். அழுதான். ஏழு வருடத்தில் இரண்டு முறை கால் முறிந்தபோதும் அழாதவன்.

"ஓக்டன் இன்னிக்கு ஓடற இடத்துக்கே வந்தான், ஹெட்டி. இயக்குநருங்க முன்னாடி மன்னிப்புக் கேட்டுட்டு, அந்தக் கடற்கரைக் கிளப்புக்குக் கையெழுத்துப் போட்டா, அடுத்த வாரமே ஆடலாமாம். பையில ஒரு பந்தை வேற கொண்டு வந்திருந்தான். காட்டினான். புதுத்தோல் வாசனை அடிச்சுது."

"நீ என்ன சொன்னே?"

"பதினேழாவது சுத்துல இருக்கேன், வழியை விடுங்கன்னு சொன்னேன்."

"அப்புறம் ஏன் அழறே?"

"சரின்னு சொல்லிடலாம்னு தோணிச்சு. கையை நீட்டிட்டேன்னுகூட நினைக்கிறேன்."

ஹெட்டி அவன் பக்கத்தில் உட்கார்ந்து முட்டைக்கோஸை வாங்கிப் பிய்ந்த இலைகளை உதறினாள்.

"இங்க பாரு. என் சம்பளமும் பாதியாயிடுச்சு, கறி தின்னு நாலு வாரம் ஆகுது, அதுக்கெல்லாம் நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னிக்கு என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, என் சாப்பாட்டு மேசைக்கு முன்னாடி, உன் புருஷனை வித்தாச்சுன்னு என்னைப் பாத்துச் சொன்னான். நீ மன்னிப்புக் கேட்டாலும் நான் கேக்க மாட்டேன். இன்னும் எத்தனை வாரம்?"

"ஏழு."

"ஏழு கோஸ் வாங்கிடறேன். உதை."

ஏப்ரலும் போனது. வெள்ளிக்கிழமை, எல்லிஸ் கடைசியாகக் கையெழுத்துப் போட்டான், கடைசி இருபத்தைந்து சுற்றையும் முடித்தான். கூட்டம் தொப்பிகளைத் தூக்கி எறிந்தது. மறுநாள் சனிக்கிழமை, வருடத்தின் கடைசி ஆட்டம், அதோடு ஒப்பந்தம் தீர்ந்தது. அவன் ஜெயித்துவிட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஓக்டன் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

அணியில் யார் யார் என்ற தாள் வியாழன் மாலை முடிவெட்டும் கடை ஜன்னலில் ஒட்டப்படும். ஆட்டக்காரர்களும் அங்கே வந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள், வேறு யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. ஜன்னலில் பெயர் இருந்தால் ஆள் வந்தாக வேண்டும். ஆட்டம் தொடங்கும்போது களத்தில் இல்லையென்றால் ஒப்பந்தத்தை முறித்தான் என்று அர்த்தம். எட்டு மாதமாக எல்லிஸின் பெயர் அதில் இல்லை, அவனும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். சனிக்கிழமைகளில் ஊருக்கு மேலே, மூன்று மைல் தள்ளியிருந்த நீர்த்தேக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கூட்டத்தின் இரைச்சல் அங்கே கேட்காது. இது ஓக்டனுக்கும் தெரியும்.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, எல்லிஸ் நீர்த்தேக்க மேட்டில் ஏறிப் போய் இரண்டு மணி நேரம் கழித்து, கிளப் எழுத்தர் வந்து ஜன்னலில் இருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டினார். வலது நடு ஆட்டக்காரன் ட்வீடேலுக்குச் சளியாம். அந்த இடத்தில் ரிம்மர்.

முகத்தில் பாதி நுரையோடு நாற்காலியில் இருந்த எனோக் கண்ணாடியில் அதைப் பார்த்தான். எழுந்து ஜன்னலுக்குப் போய் இரண்டு முறை படித்தான்.

"படுபாவி," என்றான். "உன் சைக்கிளைக் கொடு."

"அதுல டயர் சரியில்லையே," என்றார் முடிவெட்டுகிறவர்.

"கொடுய்யா."

மூன்று மைலும் ஏற்றம். டயர் இரண்டாவது மைலிலேயே வெடித்தது. எனோக் சைக்கிளை வேலியோரம் எறிந்துவிட்டு மீதியை நடந்தும் ஓடியும் ஏறினான். அவன் தண்ணீர்க்கரைக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டு இருபத்தைந்து. பாதித் தாடிக்கு மட்டும் சவரம் செய்த ஒரு ஆள் புல்லில் விழுந்து கிடந்து ஜன்னல், தாள், ஒப்பந்தம் என்று உளறுவதைக் கேட்டு எல்லிஸ் முதலில் சிரித்தான். பிறகு புரிந்தது.

"மூணு மணிக்கு ஆட்டம்," என்றான் எனோக். "முப்பத்தஞ்சு நிமிஷம்கூட இல்ல. போச்சு எல்லிஸ். என்னால முடிஞ்சது இவ்ளோதான். நான் நல்லாச் சாப்பிட்டவனா இருந்தா இன்னும் சீக்கிரமா வந்திருப்பேன்."

எல்லிஸ் தூண்டிலை அவன் மடியில் வைத்தான்.

"எனோக், எட்டு மாசமா தினம் ஆறு மைல் என்னை ஓட வெச்சது யாரு?"

"ஓக்டன்."

"இறக்கத்துல மூணு மைல் எம்மாத்திரம்?"

எனோக் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் எல்லிஸ் மேட்டின் முதல் வளைவைத் தாண்டிவிட்டான்.

இரண்டு ஐம்பதுக்கு உடை மாற்றும் அறையில் ஓக்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்தர் பக்கத்தில் ஒரு தாளோடு நின்றார், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சளி பிடித்த ட்வீடேல் ஒரு தும்மல்கூட இல்லாமல் உடை மாற்றித் தயாராக உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தது. எல்லிஸ் உள்ளே வந்தான். சேறு முட்டி வரை இருந்தது, மூச்சு மட்டும் சீராக வந்தது.

"ஜன்னல்ல என் பேரு இருக்காம்," என்றான்.

ஓக்டன் முகத்தில் ஈயாடவில்லை. ட்வீடேல் சட்டையைக் கழற்றி நீட்டினான். ஆனால் ஓக்டன் உடனே சுதாரித்துக்கொண்டார்.

"பூட்ஸ் எங்க? செப்டம்பர்லேர்ந்து அலமாரியில கிடக்கு. மரக்கட்டையாட்டம் இருக்கும். பூட்ஸ் இல்லாம களத்துல இறங்க முடியாது."

அது உண்மைதான். தோல் பூட்ஸுக்கு வாரா வாரம் கொழுப்புப் பூசித் தேய்க்காவிட்டால் இரண்டே மாதத்தில் விறைத்து வெடித்துவிடும். அது எல்லிஸுக்கும் தெரியும். இவ்வளவு தூரம் ஓடி வந்தபோதும் அது நினைவுக்கு வரவில்லை.

கிளெக் மூலையிலிருந்து எழுந்தார். அலமாரியைத் திறந்தார். எல்லிஸின் பூட்ஸை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தார். தோல் கறுத்து, மினுமினுத்து, கையால் மடித்தால் மடிந்தது.

"இது எப்படி?" என்றார் ஓக்டன்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எல்லா பூட்ஸுக்கும் கொழுப்புப் போடறது என் வேலை, மிஸ்டர் ஓக்டன்," என்றார் கிளெக். "பதிவுல இருக்கறவன் பூட்ஸ் அத்தனைக்கும். இவன் பேரைப் பதிவுலேர்ந்து எடுங்கன்னு நீங்க எங்கிட்ட சொல்லவேயில்லையே. கொழுப்பு உங்க கடைச் சரக்குதான். நல்ல சரக்கு."

எல்லிஸ் அவரை நிமிர்ந்து பார்த்தான். கிளெக் அவனைப் பார்க்காமல் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"எட்டு மாசப் பட்டினி," என்றார் மெதுவாக. "நான் முப்பது வருஷமாச் சொல்றது சரியா தப்பான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

சரி என்று சொல்வதற்கில்லை. முதல் முறை பந்து எல்லிஸிடம் வந்தபோது அது அவன் கணுக்காலில் பட்டு எகிறி எதிராளியிடம் போனது. இரண்டாவது முறை காலுக்கடியில் நழுவியது. சாம்பல் மேட்டில் சத்தம் அடங்கியது. இயக்குநர்கள் வரிசையில் ஓக்டன் பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டிச் சிரித்தார். வந்த அணி ஒரு கோல் போட்டது, அதுவும் எல்லிஸின் பக்கமாக வந்துதான்.

இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. நல்ல ஹார்பெக் மழை. பந்து கனத்தது, தரை சேறானது, மற்ற பத்துப் பேருக்கும் மூச்சு முட்டத் தொடங்கியது. எல்லிஸுக்கு முட்டவில்லை. தினம் இருபத்தைந்து சுற்று ஓடியவனுக்கு என்ன முட்டும்? அவர்கள் நடந்த இடத்தில் அவன் ஓடினான். ஒரு பந்தைப் பிடுங்கினான், அது காலில் நின்றது. அடுத்ததும் நின்றது. மூன்றாவதைப் பிடுங்கி முன்னாட்டக்காரனுக்குக் கொடுத்தான், அவன் அதைக் கோலாக்கினான். எங்கிருந்தோ திரும்பி வந்து சேர்ந்திருந்த எனோக், பாதித் தாடியோடு, தொண்டை கிழியக் கத்தினான்.

ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது அது நடந்தது. எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவன், எல்லிஸ் நெருங்கி வந்ததில் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு பந்தை வானத்துக்கு உதைத்தான். பந்து வலது பக்கமாக, இருக்கைகளின் மேலே உயரப் போனது. தகரத்தில் விழுந்து தடதடக்கும் என்று எல்லாரும் பார்த்தார்கள். விழவில்லை. கூரையின் நடுவிலிருந்த ஓட்டை வழியாக நேராக இறங்கி, ஓக்டன் பிடித்திருந்த குடையைக் கவிழ்த்து, அவர் மடியில் வந்து உட்கார்ந்தது.

ஊரே சிரித்த சிரிப்பு ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும்.

வலது ஓரத்தில் வெளியே போன பந்தை எடுத்து எறிவது யார் வேலை? எல்லிஸ் ஓரக்கோட்டைத் தாண்டி நடந்தான். மரவேலி வரை போய், மூன்று படி ஏறி, ஓக்டனுக்கு நேர் எதிரே நின்றான். சேறு அப்பிய இரண்டு கைகளையும் நீட்டினான்.

"பந்து," என்றான்.

ஓக்டன் பந்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பக்கத்திலிருந்த இயக்குநர்களைப் பார்த்தார், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். நடுவர் விசில் ஊதிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். இருபத்திரண்டு பேரும் ஒரு ஆளுக்காக நின்றார்கள். மழை ஓட்டை வழியாக ஓக்டனின் தலையில் கொட்டியது. எல்லிஸ் கையை இறக்கவில்லை.

அப்போது சாம்பல் மேட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது. எனோக்கின் குரல்தான்.

"ஒண்ணு."

"ரெண்டு," என்றது கூட்டம்.

மூன்று, நான்கு, ஐந்து என்று ஊர் முழுதும் எண்ணியது. குளிர்காலம் முழுக்க எண்ணிப் பழகிய தொண்டைகள், அவசரமே இல்லாமல் எண்ணின. எட்டில் ஓக்டன் எழுந்து நின்றார். பதினொன்றில் அவர் பந்தை நீட்டினார்.

எல்லிஸ் வாங்கிக்கொண்டான். ஈரத் தோலை ஒரு முறை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான்.

"நன்றி, மிஸ்டர் ஓக்டன்," என்றான். "திங்கக்கிழமை நான் வரமாட்டேன்."

படி இறங்கி, ஓரக்கோட்டுக்கு வந்து, இரண்டு கையாலும் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி, தன் ஆளைப் பார்த்து எறிந்தான்.